வடசென்னையிலிருந்து ஒரு கோல்ஃப் பயணம்: எங்களிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாங்கள் நான்கு பேர். ஒருவன் பெரம்பூர் ஐ.சி.எஃப்-இல் வேலை பார்க்கிறான். ஒருவன் துறைமுகத்தில். இன்னொருவன் ராயபுரத்தில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறான். நான் தண்டையார்பேட்டையில் டியூஷன் சென்டர் நடத்துகிறேன். பள்ளி நாட்களில் வியாசர்பாடி, பெரம்பூர் மைதானங்களில் ஃபுட்பால் ஆடிச் சேர்ந்த கூட்டு. நாற்பதைத் தாண்டி, முழங்கால் ஃபுட்பாலுக்கு ஒத்துழைக்காத வயதில் கோல்ஃப் பக்கம் வந்தோம். கடைக்கார நண்பன் பத்து வருடம் ஷார்ஜாவில் இருந்தவன். அங்கே பழகி, திரும்பும்போது பழைய கோல்ஃப் பை ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தான். தொடக்கம் அந்தப் பைதான்.

வருடத்துக்கு ஒரு தடவை, உறுப்பினர் அல்லாதவரும் காசு கட்டி ஆடக்கூடிய மைதானங்களைத் தேடிப் போய்வருகிறோம். ஒவ்வொரு முறை திரும்பியதும் தெருவிலும் டீக்கடையிலும் உறவுக்காரர் வீட்டிலும் அதே கேள்விகள்தான் வருகின்றன. அவற்றுக்கான பதில்கள் கீழே.

கோல்ஃப் பணக்காரர் ஆட்டமாச்சே, நமக்கு எதற்கு?

எல்லோரும் இங்கேதான் தொடங்குகிறார்கள். என் அப்பாவும் இதைத்தான் கேட்டார். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

நம் நாட்டில் கோல்ஃப் பெரும்பாலும் கிளப் மதிலுக்குள் இருப்பது உண்மை. உறுப்பினராகப் பெரிய தொகை வேண்டும், பல வருடம் காத்திருக்க வேண்டும். இந்த ஆட்டம் நம்மிடம் வந்த வழி அப்படி. வெள்ளைக்காரர்கள் தங்களுக்குள் ஆடக் கிளப் கட்டினார்கள். 1829-இல் தொடங்கிய ராயல் கல்கத்தா கோல்ஃப் கிளப், பிரிட்டனுக்கு வெளியே இருப்பவற்றில் மிகப் பழையது. ஆட்டம் கைமாறியபோது மதிலும் சேர்ந்தே கைமாறியது.

ஆனால் ஆட்டம் வளர்ந்த ஊரில் நிலைமை வேறு. ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸில் இருக்கும் ஓல்டு கோர்ஸ் ஒரு பொது மைதானம். ஒரு ஆட்டத்துக்கு 18 குழி என்ற கணக்கே அங்கிருந்து வந்ததுதான். 1764-க்கு முன்பு அங்கே 22 குழி ஆடினார்கள். உலகத்தின் பெரிய சாம்பியன்கள் ஆடும் அந்தப் புல்லில், வெளியூர்க்காரர் பெயர் கொடுத்துக் குலுக்கலில் விழுந்தால் ஆடலாம். ஞாயிற்றுக்கிழமை பொதுவாக ஆட்டமே கிடையாது. ஊர்க்காரர்கள் நாயைப் பிடித்துக்கொண்டு அதன்மேல் நடக்கிறார்கள். திருவொற்றியூர் கடற்கரையில் நாம் சாயங்காலம் நடப்பது மாதிரி. இதைக் கேட்ட பிறகுதான் என் அப்பா கொஞ்சம் இறங்கி வந்தார்.

நம் நாட்டிலேயே பாருங்கள். 1991-இல் இந்தியன் ஓப்பன் பட்டத்தை வென்ற அலி ஷேர், டெல்லியில் கேடியாக, அதாவது ஆடுபவரின் மட்டைப் பையைத் தூக்கி உதவுபவராக இருந்தவர். தொழில்முறை ஆட்டக்காரர்களில் அந்தப் பட்டத்தை வென்ற முதல் இந்தியர் அவர்தான். 2009-இல் அதே பட்டத்தை வென்ற சி. முனியப்பாவும் பெங்களூரில் கேடியாக இருந்து வந்தவர். எஸ்.எஸ்.பி. சவ்ரேசியாவின் அப்பா ராயல் கல்கத்தாவில் புல் பராமரிக்கும் வேலையில் இருந்தார். மகன் 2016, 2017 என்று அடுத்தடுத்து இரண்டு முறை இந்தியன் ஓப்பன் ஜெயித்தார். கொடியின் கீழ் இருக்கும் குழியின் விட்டம் 108 மில்லிமீட்டர். யார் அடித்தாலும் அதே அளவுதான்.

பொது மைதானம் என்றால் என்ன? சென்னையில் இருக்கிறதா?

உறுப்பினராக இல்லாமலேயே அன்றைய கட்டணத்தை மட்டும் கட்டி ஆடக்கூடிய இடம். அந்தக் கட்டணத்தை 'கிரீன் ஃபீ' என்பார்கள். சினிமா டிக்கெட் மாதிரி ஆடும் நேரத்தை முன்பதிவு செய்ய வேண்டும்; அதற்கு 'டீ டைம்' என்று பெயர். இந்த இரண்டு சொல் தெரிந்தால் போனில் பேசிவிடலாம்.

சென்னையில் கோல்ஃப் என்றால் எல்லோரும் சொல்வது தெற்கே இருக்கும் இரண்டு இடங்களை. ஒன்று, கிண்டி ரேஸ் கோர்ஸுக்குள் ஜிம்கானா கிளப்காரர்கள் ஆடிவந்த மைதானம்; அந்த நிலத்தை 2024-இல் அரசு எடுத்துக்கொண்டது. இன்னொன்று நந்தனத்தில் இருக்கும் காஸ்மோ டி.என்.ஜி.எஃப். இரண்டுமே அடிப்படையில் உறுப்பினர்களுக்கென்று இருந்தவை. நந்தனத்துக்கு உறுப்பினர் யாராவது கூட்டிப் போனால் விருந்தாளியாகப் போகலாம். வடசென்னையில் ஒன்றும் இல்லை. ஆகவே ரயில் ஏற வேண்டியிருக்கிறது.

அப்படியானால் எங்கெல்லாம் போனீர்கள்?

முதல் பயணம் ஊட்டியும் கொடைக்கானலும். இரண்டும் கிளப் மைதானங்கள்தான். ஆனால் மலைக்கு வரும் வெளியூர்க்காரரை ஒரு நாள் கட்டணத்தில் ஆடவிடுவது அங்கே பழைய வழக்கம். போகும் முன் போன் செய்து கேட்டுக்கொள்ளுங்கள். போட்டி நடக்கும் நாட்களில் வெளியாருக்கு இடம் இருக்காது.

கொடைக்கானல் கிளப் 1895-இல் தொடங்கியது. 18 குழி. காட்டுமாடுகள் சர்வசாதாரணமாகப் புல்லில் நின்று மேயும். எட்டாவது குழியோ ஒன்பதாவதோ, எங்கள் பந்துக்குப் பக்கத்தில் ஒன்று வந்து நின்றுவிட்டது. காசிமேட்டில் ஏலம் கூவுகிற இரைச்சலில் வளர்ந்த நாங்கள் நான்கு பேரும் ஒரு வார்த்தை பேசாமல் கால் மணி நேரம் நின்றோம். அது தானாக நகர்ந்த பிறகுதான் ஆட்டம். காட்டுமாட்டைப் பார்த்தால் இப்படித்தான் செய்ய வேண்டும். விரட்டவோ படம் எடுக்கக் கிட்டே போகவோ கூடாது.

ஊட்டி மைதானம் ஏற்ற இறக்கம் அதிகம், ஓரத்தில் மஞ்சள் பூப் பூக்கும் முள்புதர். பந்து உள்ளே போனால் கை விடாதீர்கள், கிழித்துவிடும். சொந்த வண்டியில் போவதானால் இரண்டு மலைக்கும் இ-பாஸ் எடுக்க வேண்டும். 2024 மே மாதத்திலிருந்து உயர் நீதிமன்ற உத்தரவுப்படி இந்த நடைமுறை. நாங்கள் அரசுப் பேருந்தில் போனதால் அந்த வேலை இல்லை.

இரண்டாவது பயணம் டெல்லி. முழுக்க முழுக்கப் பொது மைதானம் என்றால் என்ன என்று அங்கேதான் கண்ணால் பார்த்தோம். லாடோ சராயில் இருக்கும் குதுப் கோல்ஃப் கோர்ஸ், டெல்லி வளர்ச்சி ஆணையம் நடத்துவது. 2000-இல் திறந்தார்கள், நாட்டின் முதல் பொது கோல்ஃப் மைதானம் என்று அதைச் சொல்கிறார்கள். ஆடிக்கொண்டே நிமிர்ந்தால் குதுப் மினார் தெரியும். அதே ஆணையத்தின் இன்னொரு மைதானம் வடக்கு டெல்லியில், பல்ஸ்வா ஏரியை ஒட்டி. பல்ஸ்வா என்றால் டெல்லிக்காரர்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது அங்கே இருக்கும் குப்பை மலை. கொடுங்கையூர் குப்பைமேட்டின் புகையைச் சுவாசித்து வளர்ந்தவர்கள் நாங்கள். அப்படிப்பட்ட ஒரு பகுதியிலும் அரசு ஒரு பசுமையான மைதானத்தைக் கட்டி, காசு கட்டுகிற யாருக்கும் திறந்து வைத்திருக்கிறது என்பதைப் பார்த்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது. பயணத்தில் என் மனதில் நின்ற இடம் குதுப் இல்லை, பல்ஸ்வாதான்.

செலவு எவ்வளவு ஆகும்?

கட்டணம் மைதானத்துக்கு மைதானம், கிழமைக்குக் கிழமை மாறும். வார நாட்களில் பொதுவாகக் குறைவு, சனி ஞாயிறில் அதிகம். ஆகவே தொகையை இங்கே எழுதி உங்களைத் தவறாக வழிநடத்த விரும்பவில்லை. எங்கள் வழியை மட்டும் சொல்கிறேன்: நாங்கள் நான்கு பேரும் மாதம் ரூ.2,000 சீட்டு மாதிரி போடுகிறோம். வருடம் முடிந்தால் ஆளுக்கு ரூ.24,000. அதற்குள் என்ன முடியுமோ அதுதான் பயணம். ரயிலில் ஸ்லீப்பர், தங்க இரண்டு பேருக்கு ஓர் அறை, வார நாட்களில் ஆட்டம்.

கேட்கும்போது கிரீன் ஃபீயை மட்டும் கேட்காதீர்கள். கேடி கட்டணம், வாடகைக்கு எடுக்கும் செட், வரி எல்லாம் சேர்த்து மொத்தம் என்ன என்று கேளுங்கள். முதல் தடவை நாங்கள் கேட்காமல் போய், கையில் இருந்ததை எண்ணிக்கொண்டு நின்றோம்.

ஆடவே தெரியாமல் நேராகப் போய்விடலாமா?

வேண்டாம். பின்னால் வருகிறவர்களுக்கும் கஷ்டம், உங்களுக்கும் வெறுத்துவிடும். குறைந்தது மூன்று மாதமாவது பழகிவிட்டுப் போங்கள்.

மைதானம் இல்லாத ஊரில் எப்படிப் பழகுவது? மொட்டை மாடியில். காசிமேட்டில் பழைய மீன் வலை கிடைக்கும். அதை இரண்டு மடிப்பாக, துணி காயப்போடும் கம்பிகளில் இறுக்கிக் கட்டாமல் தளர்த்தித் தொங்கவிட்டால், அடிக்கிற பந்தை அது விழுங்கிக் கீழே போட்டுவிடும். இறுக்கிக் கட்டினால் பந்து உங்கள் முகத்துக்கே திரும்பி வரும். காலடியில் தேங்காய் நார் மிதியடி. மாடியில் நிஜப் பந்து வேண்டவே வேண்டாம். ஓட்டை போட்ட பிளாஸ்டிக் பயிற்சிப் பந்து விற்கிறது, அதை வாங்குங்கள். நிஜப் பந்து 45.93 கிராம் வரை எடை இருக்கும், கல் மாதிரி. நம் தெருக்களில் வீடுகள் எவ்வளவு நெருக்கம் என்று சொல்ல வேண்டியதில்லை.

ஆனால் நேரத்தை வலையில் மட்டும் செலவழிக்காதீர்கள். ஒரு ஆட்டத்தில் அடிக்கிற அடிகளில் ஏறக்குறைய பாதி, குழிக்கு அருகில் அடிக்கும் சின்ன அடிகள். குழியைச் சுற்றிப் புல்லை ஒட்ட வெட்டியிருக்கும் இடம் 'கிரீன்'. அங்கே பந்தை உருட்டிக் குழியில் விடும் வேலையை 'பட்டிங்' என்கிறார்கள். அதற்கு ஒரு சமுக்காளமும் ஒரு டம்ளரும் போதும். தினமும் இரவு சாப்பிட்டுவிட்டு இருபது நிமிடம் உருட்டுங்கள். கேரம் ஆடிய கையாக இருந்தால் சீக்கிரம் வரும் என்பது என் அனுபவம். எவ்வளவு வேகம் கொடுத்தால் எங்கே போய் நிற்கும் என்ற கணக்கு நம் பகுதிப் பிள்ளைகளின் விரலில் ஏற்கெனவே இருக்கிறது.

சில மைதானங்களில் ஹேண்டிகேப் சான்று கேட்பார்கள். உங்கள் திறமைக்கு ஏற்ற சலுகை அடிகளின் கணக்கு அது. போன் செய்யும்போதே 'நாங்கள் புதியவர்கள், சான்று இல்லை, ஆடவிடுவீர்களா' என்று நேராகக் கேட்டுவிடுங்கள்.

முழு செட் வாங்க வேண்டுமா?

தேவையில்லை. விதிப்படி ஒரு பையில் அதிகபட்சம் 14 மட்டை வைக்கலாம். குறைந்தபட்சம் என்று ஒன்றும் இல்லை. எங்கள் முதல் பயணத்தில் ஆளுக்கு ஐந்துதான்: தூரத்துக்கு ஒரு கட்டை, 5, 7, 9 எண் அயர்ன்கள் (இரும்புத் தலை மட்டைகள்), உருட்டுவதற்கு ஒரு பட்டர். மைதானத்து மணல் குழியில் விழுந்த பந்தை எடுக்க 'சாண்ட் வெட்ஜ்' என்ற மட்டை ஒன்றை மட்டும் பொதுவில் வைத்துக்கொண்டோம். மட்டையை ஆளுக்கு ஆள் மாற்றி ஆட விதி இடம் தராது, ஆனால் நாங்கள் போட்டியா ஆடுகிறோம். நண்பர்கள்தானே.

பந்து நிறைய வேண்டும். ஆளுக்கு ஒரு டஜன். புதுப் பந்து வேண்டாம், மைதானத்துக் குளத்திலிருந்து எடுத்து விற்கும் பழைய பந்தே போதும்.

ரயிலில் பையை எப்படிக் கொண்டுபோவது?

டெல்லிக்கு நாங்கள் தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் போனோம். சென்ட்ரலில் இரவு 10 மணிக்கு ஏறினால் இரண்டு இரவும் ஒரு பகலும் பயணம். லோயர் பெர்த் குறைந்தது இரண்டு எடுங்கள். பை சீட்டுக்கு அடியில் படுக்கையாகப் போகும். மட்டைத் தலைகளில் பழைய சாக்ஸ் மாட்டி, நடுவில் வேட்டி சுற்றிக் கட்டிவிட்டால் ஒன்றோடொன்று மோதாது. ஸ்டேஷனில் பரிசோதனைக்கு நிறுத்தினால் பையைத் திறந்து காட்டுங்கள், அவ்வளவுதான்.

விமானத்தில் மட்டையைக் கையோடு உள்ளே கொண்டுபோக முடியாது, லக்கேஜில்தான் போட வேண்டும். அதற்குத் தனிக் கட்டணம் உண்டா என்று டிக்கெட் எடுக்கும் முன் பாருங்கள். நம் பக்கத்திலிருந்து விமான நிலையம் போவது இப்போது சுலபம். விம்கோ நகரிலிருந்து மெட்ரோ நேராகப் போகிறது.

சாப்பாட்டுக்கு நாங்கள் புளியோதரையும் இறால் தொக்கும் எடுத்துப் போனோம். தொக்கு மூன்று நாள் தாங்கியது. மூடியை இரண்டு கவரில் கட்டுங்கள். நாக்பூர் தாண்டிய பிறகு பக்கத்து சீட்டுக்காரரும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

என்ன உடுத்த வேண்டும்?

காலர் வைத்த டி-ஷர்ட், பேன்ட் அல்லது முட்டி வரை வரும் டிரவுசர், ஷூ. ஜீன்ஸும் வட்டக் கழுத்து பனியனும் பல இடங்களில் கூடாது. ஆணி வைத்த கோல்ஃப் ஷூ கட்டாயமில்லை, ஓடுவதற்குப் போடும் ஷூ போதும்.

ஒரு ஊரில் எங்களில் ஒருவனை வட்டக் கழுத்துக்காக வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். நிறுத்தியது தப்பில்லை, விதி இருக்கிறது. ஆனால் எங்கிருந்து வருகிறீர்கள் என்று கேட்டு, பதிலைக் கேட்டதும் அந்த ஆள் முகத்தை வைத்துக்கொண்ட விதம் எங்களுக்கு வலித்தது. கடைவீதிக்குப் போய் சட்டை வாங்கிப் போட்டுக்கொண்டு திரும்பி வந்து, பதினெட்டுக் குழியும் ஆடிவிட்டுத்தான் கிளம்பினோம். உங்களுக்கும் இது நடக்கலாம். கோபத்தில் திரும்பிப் போய்விடாதீர்கள். கட்டிய கட்டணத்துக்கு ரசீது கையில் இருந்தால் அந்த நாலரை மணி நேரம் புல் உங்களுடையது.

உள்ளே எப்படி நடந்துகொள்வது? ஒன்றும் தெரியாதே.

இதுதான் மட்டையைவிட முக்கியம். சரியாக ஆடத் தெரியாதவரை யாரும் குறை சொல்வதில்லை. மற்றவர் ஆட்டத்தைக் கெடுப்பவரைத்தான் சொல்கிறார்கள்.

முதலாவது வேகம். உங்களுக்கு முன்னால் போகும் கூட்டத்தோடு ஒட்டியே போக வேண்டும். பந்து தொலைந்தால் தேட மூன்று நிமிடம்தான்; 2019 வரை ஐந்து நிமிடம் இருந்தது, குறைத்துவிட்டார்கள். பின்னால் வருகிறவர்கள் காத்து நின்றால் ஓரமாக ஒதுங்கி, கை காட்டி அவர்களை முன்னே விடுங்கள். ஊட்டியில் இது தெரியாமல் ஒரு பெரியவர் கூட்டத்தை ஆறு குழி வரை எங்கள் பின்னாலேயே நிற்க வைத்துவிட்டோம். கடைசியில் அவரே வந்து, 'தம்பிகளா, வழி விட்டா உங்களுக்கும் நிம்மதி, எங்களுக்கும் நிம்மதி' என்றார். அவ்வளவு மெதுவாகச் சொன்னார் என்பதாலேயே மறக்கவில்லை.

அடுத்தவர் அடிக்கும்போது பேசக் கூடாது, நகரக் கூடாது, அவர் பந்துக்கும் குழிக்கும் நடுவே கிரீனில் காலை வைக்கக் கூடாது. எங்கள் நான்கு பேருக்கும் மிகவும் கஷ்டமாக இருந்தது வாயை மூடிக்கொண்டு நிற்பதுதான். ஃபுட்பாலில் கத்தித்தானே பழக்கம்.

பந்து யார் பக்கமாவது போனால் மட்டும் கத்த வேண்டும், முழுத் தொண்டையில்: 'ஃபோர்!' அந்தச் சொல்லையே கத்துங்கள், 'அண்ணே பாத்து' என்றால் டெல்லியில் யாரும் திரும்ப மாட்டார்கள். அந்தச் சத்தம் உங்கள் பக்கம் கேட்டால் நிமிர்ந்து பார்க்காமல் தலையைக் கையால் மூடிக் குனியுங்கள்.

பெயர்த்த புல்லைத் திரும்ப வைத்து மிதியுங்கள். மணல் குழியில் இறங்கினால் உங்கள் காலடித் தடத்தை வாரிவிட்டு ஏறுங்கள். கிரீனில் பந்து விழுந்த பள்ளத்தைச் சின்ன முள்கருவியால் ஓரத்திலிருந்து நடுவுக்கு நெருக்கிச் சரிசெய்யுங்கள். கோலம் போட்ட வாசலை மிதிக்காமல் சுற்றிப் போகிற மனது இருந்தால் இதெல்லாம் தானாக வந்துவிடும்.

கேடி வைத்துக்கொள்ள வேண்டுமா?

கட்டாயமாக. முதல் முறை போகும் மைதானத்தில் இரண்டு பேருக்கு ஒருவராவது வேண்டும்.

பை தூக்குவது அவர்கள் வேலையில் ஒரு பகுதிதான். பந்து எங்கே விழுந்தது என்று இருநூறு கஜத்திலிருந்து பார்த்துச் சொல்வார்கள். கிரீன் எந்தப் பக்கம் சரிகிறது என்று நமக்குத் தெரியாதது அவர்கள் பாதத்துக்குத் தெரியும். குதுப்பில் எங்களோடு வந்தவருக்கு ஐம்பது வயது இருக்கும். எங்களுக்கு இந்தி வராது, அவருக்குத் தமிழ் வராது. 'சீதா' என்றால் நேர், 'தாயே' என்றால் வலது, 'பாயே' என்றால் இடது, 'சாத்' என்றால் ஏழாம் எண் மட்டை. இந்த நாலு சொல்லில் பதினெட்டுக் குழி ஓடியது. ஐந்தாவது குழியில் என் கையைப் பிடித்து, மட்டையைப் பிடிக்கும் விதத்தை விரல் விரலாக மாற்றி வைத்தார். மூன்று வருடம் தப்பாகப் பிடித்திருக்கிறேன். அன்று மாறியது, இன்றுவரை அந்தப் பிடிதான்.

அவர்களைப் பெயர் கேட்டுக் கூப்பிடுங்கள். தண்ணீர் குடிக்கும்போது அவருக்கும் கொடுங்கள், ஆட்டம் முடிந்து சாப்பிடும்போது அவர் சாப்பிட்டாரா என்று கேளுங்கள். கட்டணம் அலுவலகத்தில் கட்டியிருந்தாலும் கையில் தனியாகக் கொடுங்கள். அடித்த அடி தப்பினால் கேடி மேல் எரிந்து விழுகிறவர்களை அங்கே பார்த்தோம். அது எனக்குப் பொறுக்கவில்லை. நம் வீட்டு அப்பா அண்ணன்மார் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர்கள். சுமக்கிறவரிடம் எப்படிப் பேச வேண்டும் என்று நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

நான்கு பேருக்கும் திறமை ஒரே மாதிரி இருக்காதே, எப்படிச் சேர்ந்து ஆடுவது?

புதியவர்களுக்கு நல்லது 'ஸ்கிராம்பிள்'. நால்வரும் அடிப்பார்கள், எந்தப் பந்து நல்ல இடத்தில் இருக்கிறதோ அங்கே எல்லோரும் போய் மறுபடி நால்வரும் அடிப்பார்கள். குழியில் விழும்வரை அப்படியே. மோசமான அடி யாரையும் பாதிக்காது, யாராவது ஒருவர் ஒவ்வொரு முறையும் உதவிவிடுவார். எங்களில் துறைமுகத்துக்காரன் தூரம் அடிப்பான், ஐ.சி.எஃப்-காரன் பட்டிங்கில் கில்லாடி. சேர்த்தால் ஒரு நல்ல ஆட்டக்காரன்.

கொஞ்சம் தேறிய பிறகு 'ஸ்டேபிள்ஃபோர்டு' கணக்குக்கு வாருங்கள். ஒவ்வொரு குழிக்கும் இத்தனை அடியில் முடிக்க வேண்டும் என்று ஓர் அளவு உண்டு, அது 'பார்'. பாரில் முடித்தால் 2 புள்ளி, ஓர் அடி கூடினால் 1, ஓர் அடி குறைந்தால் 3. இரண்டு அடியோ அதற்கு மேலோ கூடிவிட்டால் பூஜ்யம், பந்தைக் கையில் எடுத்துக்கொண்டு அடுத்த குழிக்கு நடக்கலாம். ஒரு குழியில் பன்னிரண்டு அடி அடித்து நாள் முழுக்கக் கெட்டுப்போகிற வேதனை இதில் இல்லை.

பந்தயம் கட்டுவீர்களா?

தோற்றவர் டீ வாங்குவார். அதற்கு மேல் போனால் நட்பு கெடும், அதைக் கண்ணால் பார்த்திருக்கிறோம்.

ஊட்டியில் பந்து அதிக தூரம் போகும் என்கிறார்களே?

உண்மை. ஊட்டி கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரம். காற்று மெலிவாக இருப்பதால் பந்துக்குத் தடை குறைவு; சுமார் எட்டு, பத்து சதவீதம் கூடுதலாகப் போகும். ஆகவே ஏழாம் எண்ணுக்குப் பதில் எட்டு என்று, ஒரு படி குறைந்த தூரம் அடிக்கும் மட்டையாக எடுங்கள். அதே காற்றில் நமக்கு மூச்சு வாங்கும். பதினெட்டுக் குழி என்றால் எட்டு முதல் பத்து கிலோமீட்டர் நடை, மலையில் ஏறி இறங்கி. போய்ச் சேர்ந்த அன்றே ஆடாமல் மறுநாள் காலை தொடங்குங்கள்.

ஒரு பயணத்தில் எத்தனை ஆட்டம்?

நான்கு நாளுக்கு மூன்று. நடுவில் ஒரு நாள் ஊர் சுற்றுங்கள். தினமும் ஆடினால் மூன்றாம் நாள் உள்ளங்கை கொப்புளித்து, மட்டையைப் பிடிக்க முடியாது. டெல்லிக்குப் பிப்ரவரி, மார்ச் நல்லது. டிசம்பர், ஜனவரியில் மூடுபனி. ரயிலும் தாமதமாகும், காலையில் பந்தும் தெரியாது.

இவ்வளவு புல்லுக்கு எவ்வளவு தண்ணீர்! இது நியாயமா?

கேட்க வேண்டிய கேள்வி. 2019 கோடையில் குடத்தோடு லாரிக்கு நின்றவர்கள் நாம்; இதைத் தள்ளிவிட எனக்கு மனது வராது. கோல்ஃப் மைதானம் தண்ணீர் குடிக்கும், சந்தேகமே இல்லை. குடிநீரை ஊற்றி வளர்க்கிற மைதானத்தை நான் ஆதரிக்க மாட்டேன். சுத்திகரித்த கழிவுநீரில் வளர்க்கலாம், உலகத்தில் பல இடங்களில் அப்படித்தான் செய்கிறார்கள். நம் கொடுங்கையூரிலேயே ஒரு நாளைக்கு 4.5 கோடி லிட்டர் கழிவுநீரைச் சுத்தம் செய்து மணலி ஆலைகளுக்கு அனுப்பும் நிலையம் இருக்கிறது. அந்தத் தண்ணீரில் கொஞ்சம் நம் பகுதியின் ஒரு பசுமைத் திடலுக்கு வந்தால் என்ன? பதினெட்டுக் குழி வேண்டாம். பந்து அடித்துப் பழக ஒரு நீளத் திடல், ஆறு சின்னக் குழி, சுற்றி நடக்க ஒரு பாதை. ஃபுட்பால் பிள்ளைகளின் மைதானத்தில் ஓர் அடிகூட எடுக்காமல்.

பெண்கள், பிள்ளைகள் ஆடலாமா?

தாராளமாக. பெண்களுக்கும் சிறுவர்களுக்கும் முன்னால் தள்ளி அடிக்கத் தனி இடம் குறித்திருப்பார்கள். பெங்களூர் அதிதி அசோக், டோக்கியோ ஒலிம்பிக்ஸில் நான்காம் இடம் வந்தார். பதக்கம் ஓர் அடியில் போனது. அந்தச் சனிக்கிழமை காலை என் மகள் டிவி முன்னால் உட்கார்ந்து பார்த்தாள். இப்போது வீட்டில் சமுக்காளமும் டம்ளரும் அவள் வசம்.

அடுத்து எங்கே? நாங்களும் சேர்ந்துகொள்ளலாமா?

காஷ்மீர் போக ஆசை. ஸ்ரீநகரில் ராயல் ஸ்பிரிங்ஸ், மேலே சுமார் 2,650 மீட்டர் உயரத்தில் குல்மார்க், இரண்டும் வெளியாருக்கு இடம் தருபவை. பனி உருகிய பிறகுதான் குல்மார்க்கில் ஆட்டம். அங்கே நிலைமையைப் பார்த்து, சீட்டுப் பணம் சேர்ந்ததும் முடிவு செய்வோம்.

பயணத்தில் நான்கு பேருக்கு மேல் சேர்க்க முடியாது. மைதானத்தில் ஒரு நேரத்துக்கு நால்வரைத்தான் விடுவார்கள். நீங்களே நான்கு பேராகச் சேருங்கள், போன் செய்வது முதல் பை கட்டுவது வரை கூட இருந்து சொல்லித் தருகிறோம். ஞாயிறு காலை ஆறரைக்கு மாடியில் வலை கட்டியிருப்போம், யார் வேண்டுமானாலும் வரலாம். இரண்டாவது மாடிப் படிக்கட்டு குறுகல். பை கொண்டுவந்தால் தோளில் மாட்டாமல் கையில் நிமிர்த்திப் பிடித்து ஏறுங்கள், இல்லாவிட்டால் கீழ் வீட்டு மீட்டர் பெட்டியில் இடிக்கும்.